துறைதோறும் தீர்வை

ஐரோப்பாக் கண்டத்தின் பழைய நகரங்களுள் பெரும்பாலானவை நதியை நோக்கி முகம் வைத்துக் கட்டப்பட்டவை. தேவாலயத்தின் கோபுரமும் கோட்டையின் மதிலும் சந்தைச் சதுக்கத்தின் வாயிலும் நீரில் வருபவன் கண்ணில் முதலில் படவேண்டும் என்னும் நோக்கத்துடனேயே அவற்றை நிர்மாணித்தார்கள். ஆனால் இரயில் வந்து, மோட்டார் வந்து, ஆகாய விமானமும் வந்துவிட்ட பிறகு, விருந்தாளியைக் கொல்லைப்புறமாக அழைத்து வந்து சமையலறையில் உட்காரவைப்பதுபோல, பண்டகசாலைகளுக்கும் மேம்பாலங்களுக்கும் விளம்பரப் பலகைகளுக்கும் ஊடே நம்மைக் கொண்டுவந்து இறக்குவதே பிரயாண வசதி என்றாகிவிட்டது. அந்த நகரங்களின் வாசல் வழியாகவே உள்ளே போகவேண்டும் என்று விரும்புகிறவனுக்கு இன்றும் எஞ்சியிருக்கும் மார்க்கம் நதிக் கப்பல் ஒன்றுதான். வயதான தாயாரும் மனைவியும் பள்ளியில் படிக்கும் மகளும் மகனுமாகக் குடும்பத்தோடு நான் ஜெர்மனியின் எல்லையிலுள்ள பாஸாவ் நகரில் கப்பலேறி, டான்யூப் நதியில் புடாபெஸ்ட் வரையில் சென்றதற்கு இந்த விருப்பமே முதற்காரணம்.

ஜெர்மனியின் கருங்காட்டுப் பிரதேசத்தில் உற்பத்தியாகிக் கருங்கடலில் சங்கமமாகும் டான்யூப் ஏறத்தாழ 2,850 கிலோமீட்டர் நீளமுள்ளது. பத்து நாடுகளைத் தொட்டுக்கொண்டு, வியன்னா, பிராட்டிஸ்லாவா, புடாபெஸ்ட், பெல்கிரேடு என்னும் நான்கு தலைநகரங்களின் வழியாக ஓடுகிறது. இதன் தூரத்தை ஊற்றிலிருந்து கணக்கிடாமல், கடலில் கலக்கும் இடத்தைப் பூஜ்யமாக வைத்து மேல்நோக்கி எண்ணுகிறார்கள் என்பது விசேஷம். கரையோரத்துப் பலகைகளில் பாஸாவ் 2,226 என்றும் புடாபெஸ்ட் 1,647 என்றும் வருமாறு எண்கள் இறங்கிக்கொண்டே வரும். அந்த எண்களை முதலில் கண்டு சொல்வதில் என் மகன் காட்டிய சிரத்தையில் பாதியைத் தன் பாடங்களில் காட்டினால் அவன் தாயார் சந்தோஷப்படுவாள்.

கப்பலைப் பற்றிச் சில வார்த்தைகள். சமுத்திரத்தில் செல்லும் உல்லாசக் கப்பல்களின் பிரம்மாண்டத்தை மனத்தில் வைத்துக்கொண்டு இதைப் பார்க்கிறவர்கள் ஏமாற்றமடைவார்கள். நீளம் அதிகமாய்ப் போனால் 135 மீட்டர். அகலமோ பன்னிரண்டு மீட்டரை எட்டுவதில்லை. ரைன் நதியையும் டான்யூபையும் இணைக்கவேண்டும் என்று சார்லமேன் சக்கரவர்த்தி 793-ஆம் ஆண்டிலேயே ஆட்களை வைத்துத் தோண்டத் தொடங்கிய கால்வாய், ஏறக்குறைய ஆயிரத்து இருநூறு ஆண்டுகள் கழித்து, வேறொரு வழியில், 171 கிலோமீட்டர் நீளமுள்ள நீர்வழியாக 1992-இல் பூர்த்தியாயிற்று. அந்தக் கால்வாயில் கப்பல்களை ஏற்றி இறக்கும் நீர்க்கதவு அறைகளின் அகலம் 12 மீட்டராக அமைந்தபடியால், அதற்குள் உரசாமல் நுழைந்து வெளிவருமாறே கப்பல்களையும் கட்டுகிறார்கள். தாழ்ந்த பாலங்களின் கீழே போகும்போது காப்டனின் அறையே யந்திர விசையால் தளத்துக்குள் இறங்கிவிடும். மேல்தளத்து நாற்காலிகளும் நிழற்கூரையும் மடங்கிவிடும்.

அண்மைக் காலம் வரையில் இத்தகைய கப்பல்களில் ஏறுகிறவர்கள் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற தம்பதிகளே. பல கப்பல்களில் சிறு பிள்ளைகளை ஏற்றுவதே இல்லை. அறைகள் எல்லாம் இருவருக்கு உரியவை. குடும்பங்களும் வரட்டும் என்ற எண்ணம் முதலாளிகளுக்குத் தோன்றியது சமீபத்தில்தான். டிஸ்னி நிறுவனம் குடும்பங்களுக்கென்றே டான்யூபில் நதிப் பயணங்களைத் தொடங்கியது 2016-இல். குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள் ஒன்றை முன்னதாகவே தெரிந்துகொள்வது நல்லது: இங்கே விளையாட்டு மண்டபமோ, சறுக்கு மரமோ, பெரிய நீச்சல் குளமோ கிடையாது, வேடிக்கை முழுவதும் ஜன்னலுக்கு வெளியேதான். முதியவர்களுக்கு அலையின் தொல்லை இல்லை, தலைசுற்றல் இல்லை, ஊரின் நடுவிலேயே இறங்கலாம் என்ற அனுகூலங்கள் உண்டு. ஆயினும் நெரிசலான துறைகளில் ஒரு கப்பலின் விலாவோடு இன்னொரு கப்பலைக் கட்டிவிடுவார்கள். அப்போது அயல் கப்பலின் மாடியில் ஏறி, அதன் கூடத்தைக் கடந்து கரைக்குப் போகவேண்டியிருக்கும். முழங்கால் நோவு உள்ள என் தாயார் இந்த ஏற்பாட்டைப் பற்றித் தெரிவித்த அபிப்பிராயங்களை இங்கே எழுதுவது உசிதமாகாது.

பாஸாவில் மூன்று நதிகள் சங்கமிக்கின்றன. ஆல்ப்ஸ் மலையின் பனி உருகி வரும் இன் நதி வெளிர்பச்சை நிறமுடையது. போஹிமியக் காடுகளின் சதுப்பு நிலத்திலிருந்து வரும் இல்ஸ் நதி ஏறத்தாழக் கறுப்பு. இரண்டுக்கும் நடுவே டான்யூப். மூன்று நிறங்களும் சற்றுத் தூரம் வரையில் கலக்காமல் அருகருகே ஓடுவதைக் கோட்டைக் குன்றின் மேலிருந்து நன்றாகக் காணலாம். ஸால்ஸ்பர்க் பிரதேசத்து உப்பு இன் நதியின் வழியாக இங்கே படகுகளில் வந்து, பொதி மிருகங்களின் முதுகில் ஏறிப் போஹிமியாவுக்குப் போயிற்று. அந்த உப்பு இவ்வூரில் நின்று போனதனால் சேர்ந்த திரவியத்தில்தான் பாஸாவின் பிஷப்புகள் ராஜாக்களைப் போல வாழ்ந்தார்கள். அவர்களுடைய ஆலயத்தில் 17,974 குழல்கள் கொண்ட மகத்தான ஆர்கன் வாத்தியம் இருக்கிறது. நதி கொடுத்ததைப்போலவே எடுத்துக்கொள்ளவும் செய்தது என்பதற்குச் சாட்சியாக, நகர மண்டபத்தின் கோபுரச் சுவரில் ஒவ்வொரு வெள்ளத்தின் உயரத்தையும் கோடிட்டு ஆண்டும் எழுதிவைத்திருக்கிறார்கள். 2013 ஜூன் மாதத்தில் நீர்மட்டம் 12.89 மீட்டரைத் தொட்டது. 1501-ஆம் ஆண்டுக்குப் பின் அவ்வளவு உயர்ந்த வெள்ளம் அங்கே வரவில்லை.

பாஸாவைத் தாண்டியதும் நீர்க்கதவுகள் தொடங்குகின்றன. வியன்னா முடிய இத்தகைய அணைகள் பத்து. உயர்ந்த கான்கிரீட் சுவர்களுக்கு இடையில் கப்பல் நுழைகிறது, பின்கதவு மூடுகிறது, தண்ணீர் வடியவடியக் கப்பல் கிணற்றில் இறங்குவதுபோல் இறங்குகிறது, முன்கதவு திறக்கிறது. நள்ளிரவில் அறை ஜன்னலை ஒட்டி ஈரச்சுவர் மேலேறிப் போவதைப் பார்க்கிறவனுக்கு ஒரு கணம் திகைப்பு ஏற்படும். நாம் நதி என்று நினைத்து ரசிப்பது பெரும்பகுதி படிப்படியாகத் தேக்கி வைத்த நீர்தான். அந்நீரில் மின்சாரம் எடுக்கிறார்கள். முன்காலத்து டான்யூபோ சுழல்களும் பாறைகளும் மணல்திட்டுகளும் நிறைந்த உக்கிரமான பிரவாகம். உல்ம் நகரத்தில் தட்டையான மரப்படகுகளைக் கட்டி, ஆட்களையும் சரக்கையும் ஏற்றிக் கீழே அனுப்புவார்கள். போய்ச் சேர்ந்ததும் படகைப் பிரித்து மரமாக விற்றுவிடுவார்கள், ஏனெனில் திரும்பக் கொண்டுவருவது அவ்வளவு பிரயாசை. எதிர்நீரில் வரவேண்டிய சரக்கைக் குதிரைகள் கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்தன. அந்தக் குதிரைப் பாதைகளில்தான் இன்று பாஸாவிலிருந்து வியன்னா வரையில் சைக்கிள்காரர்கள் உல்லாசமாகப் போகிறார்கள்.

லின்ஸ் நகரத்தில் கெப்ளர் வசித்தார். கிரகங்களின் இயக்க விதிகளைக் கண்ட அதே கெப்ளர்தான். 1613-இல் அவருக்கு இரண்டாவது விவாகம் நடந்தது. அவ்வாண்டு திராட்சை விளைச்சல் அமோகமாக இருந்தபடியால் நதிக்கரையெங்கும் மதுப்பீப்பாய்கள் அடுக்கிக் கிடந்தன. குடும்பஸ்தனுக்கு அழகு என்று அவரும் சில பீப்பாய்களை வாங்கினார். வியாபாரி வந்து, பீப்பாயின் வாய்த் துளையில் ஒரு கோலைச் சாய்வாக நுழைத்து எடுத்து, வேறு கணக்கு எதுவும் இல்லாமல் கொள்ளளவைச் சொல்லிவிட்டான். வயிறு பருத்த பீப்பாயை ஒற்றைக் கோலால் அளப்பது எப்படி நியாயமாகும் என்று சிந்திக்கத் தொடங்கிய கெப்ளர், வளைந்த உருவங்களின் கன அளவைக் காணும் முறையை ஆராய்ந்து 1615-இல் லின்ஸிலேயே ஒரு நூலை அச்சிட்டார். தொகை நுண்கணிதத்தின் முன்னோடிகளுள் ஒன்றாக அதைக் கூறுகிறார்கள். அந்தக் கணிதத்தைப் பாடமாகப் படித்து வெறுத்துக்கொண்டிருந்த என் மகளுக்கு, அதன் வேர் ஒரு மனிதன் சாராய வியாபாரியிடம் ஏமாந்துவிடுவோமோ என்று சந்தேகப்பட்டதில் இருக்கிறது என்பது மிகுந்த திருப்தியை அளித்தது.

லின்ஸுக்குக் கீழே சிறிது தொலைவில் மவுட்ஹவுஸன் என்னும் சிற்றூர். பழங்காலத்தில் நதித் தீர்வை வசூலித்த ஊர் அது. அதன் பெயரிலேயே தீர்வை இருக்கிறது. மேலே குன்றின் மீது, கருங்கல் குவாரியை ஒட்டி, 1938-இல் நாஜிகள் அமைத்த சிறைமுகாமின் சுவர்கள் நிற்கின்றன. அந்த முகாமுக்கும் அதன் கிளைகளுக்கும் கொண்டுவரப்பட்ட சுமார் 1,90,000 பேரில் குறைந்தபட்சம் 90,000 பேர் மாண்டார்கள். குவாரியிலிருந்து கைதிகள் கல் சுமந்து ஏறிய 186 படிகளும் இருக்கின்றன. குடும்ப யாத்திரையில் இதைச் சேர்ப்பதா என்று கப்பலில் பலர் தயங்கினார்கள். நாங்கள் மகனைப் பாட்டியிடம் விட்டுவிட்டு, மகளை மட்டும் அழைத்துச் சென்றோம். அரண்மனைகளைக் காட்டிவிட்டு இதை மறைப்பது பிள்ளைகளுக்குச் சரித்திரத்தைப் பொய்யாகக் கற்பிப்பதாகும் என்பது என் அபிப்பிராயம். வயதைப் பார்த்து முடிவு செய்யவேண்டியது பெற்றோர் பொறுப்பு.

மெல்க் முதல் கிரெம்ஸ் வரையில் உள்ள வாகாவ் பள்ளத்தாக்குத்தான் இந்தப் பிரயாணத்தின் இருதயம். சுமார் 36 கிலோமீட்டர் தூரத்துக்கு நதி இங்கே அணையின்றித் தன்னிச்சையாக ஓடுகிறது. மெல்க்கில் 1089-ஆம் ஆண்டிலிருந்து பெனடிக்ட் சபைத் துறவிகள் வசிக்கிறார்கள். இப்போது நாம் காணும் மஞ்சள் வர்ண மாளிகையை 1702 முதல் 1736 வரையில், யாக்கோப் பிராண்ட்டாவர் என்னும் சிற்பியின் திட்டப்படி கட்டினார்கள். துறவிக்கு இத்தனை பொன் எதற்கு என்று என் தாயார் கேட்டார். சுமார் 1,00,000 நூல்கள் கொண்ட புத்தகசாலையைக் கண்டதும் அந்தக் கேள்வியைச் சற்றே தளர்த்திக்கொண்டார் என்றாலும், முழுவதும் வாபஸ் வாங்கிக்கொள்ளவில்லை. மடத்தின் பள்ளிக்கூடத்தில் இன்றும் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் படிக்கிறார்கள் என்பதை மட்டும் அவர் மனமாரப் பாராட்டினார்.

அங்கிருந்து கப்பல் பகலில்தான் போகிறது. இரு கரைகளிலும் கல்லடுக்கி எழுப்பிய படிவயல்களில் திராட்சைக் கொடிகள். அவற்றின் அடிவாரத்தில் சர்க்கரைப் பாதாமி மரங்கள். வில்லெண்டார்ஃப் கிராமத்தில் 1908-இல் இரயில் பாதைக்காக மண்ணை வெட்டியபோது, பதினொரு சென்டிமீட்டர் உயரமே உள்ள ஒரு ஸ்திரீ விக்கிரகம் அகப்பட்டது. சுமார் முப்பதினாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டது என்று மதிக்கும் அந்தச் சுண்ணாம்புக்கல் விக்கிரகம் இப்போது வியன்னாக் காட்சிசாலையில் இருக்கிறது. எதிர்க்கரையின் உச்சியில் ஆக்ஸ்டைன் கோட்டையின் இடிபாடு. பதினைந்தாம் நூற்றாண்டில் அதைப் புதுப்பித்த பிரபு ஒருவன், படகுகளிடம் தீர்வை வாங்கும் உரிமையைக் கொள்ளையாக மாற்றிக்கொண்டான் என்றும், பிடித்தவர்களை ரோஜாத் தோட்டம் என்று பெயரிட்ட ஒரு பாறை விளிம்பில் விட்டு, பட்டினி கிடந்து சாவதா, குதித்துச் சாவதா என்று அவர்களே தீர்மானிக்கச் செய்தான் என்றும் கர்ணபரம்பரைக் கதை.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒன்று தெளிவாயிற்று. நாம் அழகு அழகு என்று புகைப்படம் எடுத்துக்கொள்ளும் இந்த நகரங்கள் எல்லாம் வழிப்போக்கனை நிறுத்தி அவனிடம் வசூலித்தே வளர்ந்தவை. உப்புக்கு வசூலித்தது பாஸாவ். மதுவுக்கும் மரத்துக்கும் வசூலித்தவை நடுவழித் துறைகள். அடுத்து வரும் டுர்ன்ஷ்டைன் என்னும் சிற்றூரோ ஒரு மன்னனுக்கே வசூலித்தது.

மூன்றாம் சிலுவை யுத்தத்தில், 1191-இல், ஆக்கர் கோட்டை பிடிபட்டபோது, ஆஸ்திரியக் கோமகன் ஐந்தாம் லியோபோல்டின் கொடியை இங்கிலாந்து மன்னர் ரிச்சர்டின் ஆட்கள் மதிலிலிருந்து பிடுங்கி எறிந்தார்கள். மறு ஆண்டின் இறுதியில் ரிச்சர்ட் நாடு திரும்பும் வழியில் கப்பல் உடைந்து, மாறுவேஷத்தில் தரை மார்க்கமாக வந்து, வியன்னாவின் அருகில் அதே லியோபோல்டின் கையில் சிக்கிக்கொண்டார். டுர்ன்ஷ்டைன் குன்றின் மேல் இன்று மொட்டைச் சுவர்களாக நிற்கும் கோட்டையில் அவரைச் சிறைவைத்தார்கள். பிறகு ஜெர்மானியச் சக்கரவர்த்தி ஆறாம் ஹென்றியிடம் ஒப்படைத்தார்கள். விடுதலைக்குக் கேட்ட தொகை 1,50,000 மார்க் வெள்ளி. இங்கிலாந்தின் குடிகளிடமும் மடாலயங்களிடமும் வரி தண்டி, அதில் பெரும்பகுதி வந்து சேர்ந்த பின்னர், 1194 பிப்ரவரியில் மன்னர் விடுதலையானார். லியோபோல்ட் தம் பங்கைக் கொண்டு வியன்னாவின் மதில்களை விஸ்தரித்தார். வீனர் நாயிஷ்டாட் என்ற புதிய நகரத்துக்கே அஸ்திவாரமிட்டார். சிலுவை வீரரைச் சிறைபிடித்த பாதகத்துக்காகப் போப்பாண்டவர் அவரைத் திருச்சபையிலிருந்து விலக்கினார். அவ்வாண்டின் கடைசி நாளில், குதிரை விழுந்து நசுங்கிய கால் அழுகி, லியோபோல்ட் இறந்துபோனார். கோட்டைக்கு ஏறும் செங்குத்தான பாதையில் என் மகன் கேட்ட கேள்விகள் யாவும் காலைப் பற்றியவை. மன்னரைப் பற்றி ஒன்றுமில்லை. கீழே, சில நூறு பேர் மட்டும் வசிக்கும் அவ்வூரின் ஒற்றைத் தெருவில், கப்பல் கப்பலாக வந்து இறங்கும் ஜனங்களிடம் பாதாமி ஜாமும் பாதாமிச் சோப்பும் பாதாமிச் சாராயமும் விற்றுக்கொண்டிருக்கிறார்கள். நாங்களும் வாங்கினோம்.

கிரெம்ஸுக்கும் வியன்னாவுக்கும் இடையில், ட்ஸ்வெண்டென்டார்ஃப் என்னுமிடத்தில், கரையோரமாக ஓர் அணுமின் நிலையம் தென்படும். கட்டி முடித்தபின் 1978 நவம்பரில் நடந்த பொதுவாக்கெடுப்பில் சுமார் 50.5 சதவிகிதம் பேர் வேண்டாம் என்றதனால் அது ஒரு நாளும் ஓடவில்லை. வழிகாட்டிகள் இதைச் சுட்டிக்காட்டுவது அபூர்வம். மெல்க்கின் பொன்வேலைக்குச் சமமாக இதையும் நான் இந்நாட்டின் நினைவுச்சின்னங்களில் ஒன்றாகவே மதிக்கிறேன்.

வியன்னாவைப் பற்றி இங்கே விரித்து எழுதப்போவதில்லை. அதற்கு நூல்கள் உள்ளன. நதியில் வருகிறவனுக்கு மட்டும் அது ஓர் ஏமாற்றம். 1870 முதல் 1875 வரையில் வெள்ளத்தைக் கட்டுப்படுத்துவதற்காக டான்யூபுக்கு நேரான புதிய படுகை வெட்டினார்கள். அதனால் பழைய நகரத்தை ஒட்டி ஓடுவது ஒரு கிளைக் கால்வாய் மாத்திரமே. கப்பல்துறை நகரத்தின் மையத்துக்கு வெளியே இருக்கிறது. நீல டான்யூப் என்று ஸ்ட்ராஸ் 1867-இல் இசையமைத்த நதியும் நான் பார்த்தவரையில் பழுப்பும் பச்சையுமாகவே இருந்தது. வசூலிக்கும் கலையில் வியன்னா எல்லோருக்கும் குரு. 1221-இல் பெற்ற சாஸனத்தின்படி, மேலேயிருந்து வரும் அந்நிய வியாபாரிகள் ஹங்கேரிக்குப் போகாமல் இங்கேயே சரக்கை இறக்கி, இரண்டு மாதத்துக்குள் வியன்னாப் பிரஜைகளுக்கே விற்றுவிட வேண்டும். அப்பால் கொண்டுபோய் லாபம் சம்பாதிப்பது வியன்னாக்காரர்களின் பாத்தியதை. அரண்மனைகளின் வாயிலில் நுழைவுச் சீட்டுக்கு நிற்கும் வரிசையைக் கண்டபோது, அந்தச் சாஸனம் வேறு ரூபத்தில் அமலில் இருப்பதாகவே தோன்றிற்று.

வியன்னாவுக்குக் கீழே நதி மறுபடியும் கட்டவிழ்ந்து வெள்ளக்காடுகளின் ஊடே செல்கிறது. ஹைன்பர்க் அருகில் இங்கேயும் ஓர் அணை கட்ட முயன்றபோது, 1984 டிசம்பர்க் குளிரில் ஆயிரக்கணக்கானவர்கள் காட்டுக்குள் கூடாரமடித்துத் தடுத்தார்கள்; 1996-இல் அது தேசிய வனமாயிற்று. சிறிது தூரத்தில் பிராட்டிஸ்லாவா. துருக்கர்கள் 1541-இல் புடாவைக் கைப்பற்றிவிட்டபடியால், ஹங்கேரியின் முடிசூட்டு விழா இந்நகரத்தின் புனித மார்ட்டின் ஆலயத்துக்கு மாறியது. 1563 முதல் 1830 வரையில் பத்து அரசர்களும் மரியா தெரேசா என்னும் அரசியும் இங்கே முடிசூடினார்கள். அதே ஆலயத்தின் வாசலை உரசிக்கொண்டு இப்போது ஒரு பெருஞ்சாலை போகிறது. 1972-இல் திறந்த புதிய பாலத்துக்காகப் பழைய யூதர் குடியிருப்பின் பெரும்பகுதியையும் அதிலிருந்த ஜெபாலயத்தையும் இடித்துத் தள்ளினார்கள் என்பதைப் பறக்கும் தட்டு வடிவத்தில் அப்பாலத்தின் உச்சியிலுள்ள சிற்றுண்டிசாலையில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

புடாபெஸ்டுக்குள் கப்பல்கள் பெரும்பாலும் இரவிலேயே பிரவேசிக்கின்றன. அது வியாபார சாமர்த்தியம் என்று தெரிந்தும் நான் மேல்தளத்தை விட்டு இறங்கவில்லை. 268 மீட்டர் நீளமுள்ள பாராளுமன்றக் கட்டடம் அடிமுதல் முடிவரை விளக்கொளியில் நிற்பதை நதியிலிருந்து பார்க்கும்போது, இதைக் கட்டியவர்கள் எங்கே நின்று பார்க்கச் சொன்னார்கள் என்பதில் ஐயமே எழுவதில்லை. அதே கரையில், பாராளுமன்றத்துக்குச் சற்றுத் தெற்கே, இரும்பில் வார்த்த அறுபது ஜோடிப் பாதரட்சைகள் வரிசையாக நதியை நோக்கி இருக்கின்றன. 1944-45 குளிர்காலத்தில் ஹங்கேரியின் நாஜி ஆதரவு அம்புச் சிலுவைக் கட்சியினர் யூதர்களை இங்கே நிறுத்தி, காலணிகளைக் கழற்றச் சொல்லிவிட்டுச் சுட்டு நதியில் தள்ளினார்கள். குழந்தைகளின் அளவிலும் சில ஜோடிகள் உண்டு. இதை மகனுக்கும் காட்டினோம். அவன் எண்ணத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டான்.

புடா, பெஸ்ட் என்னும் இரு கரை நகரங்களும் ஒன்றானது 1873-இல். அதற்கு முன்னர் அவற்றை இணைத்தது கோடையில் ஒரு படகுப் பாலம். பனிக்கட்டி மிதக்கும் குளிர்காலத்தில் அதுவும் இல்லை. 1820 டிசம்பரில், தந்தையின் ஈமக்கிரியைக்குப் புறப்பட்ட இஷ்ட்வான் ஸேசெனி என்னும் இளம் பிரபு, நதியைக் கடக்க வழியின்றி ஒரு வார காலம் கரையிலேயே காத்துக் கிடந்தார். நிரந்தரமான பாலம் கட்டியே தீரவேண்டும் என்று அவர் உறுதி பூண்டதற்கு அதையே காரணமாகச் சொல்வார்கள். வில்லியம் டியர்னி கிளார்க் என்னும் ஆங்கிலேயர் வரைபடம் தயாரித்தார். ஆடம் கிளார்க் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் உடனிருந்து கட்டினார். இருவருக்கும் உறவு ஒன்றுமில்லை. 1849 நவம்பரில் சங்கிலிப் பாலம் திறக்கப்பட்டபோது, ஸேசெனி மனநிலை குலைந்து வியன்னாவையடுத்த ஒரு வைத்திய இல்லத்தில் இருந்தார். 1945 ஜனவரியில் பின்வாங்கிய ஜெர்மானியப் படை அதைத் தகர்த்தது. நூறாவது ஆண்டு நிறைவுக்குள் மறுபடியும் எழுப்பிவிட்டார்கள்.

பாலத்தின் இரும்பும் கல்லும் அல்ல, அதற்கு விதித்த கட்டணமே அந்நாளில் பெரிய விவகாரமாயிருந்தது. ஹங்கேரியப் பிரபுக்கள் அதுவரையில் எந்த வரியும் சுங்கமும் கொடுத்தறியாதவர்கள். படகுப் பாலத்தைக் கடக்கவும் குடியானவனே காசு கொடுத்தான், பிரபு சும்மா நடந்து போனான். புதிய பாலத்தில் பிரபுவும் காசு கொடுத்தே கடக்கவேண்டும் என்று, அப்போது பிராட்டிஸ்லாவாவில் கூடிவந்த சட்டசபை 1836-இல் சட்டம் செய்தது. அந்தப் பாலத்தின் மேல் தம் காலடி ஒருபோதும் படாது என்று சூளுரைத்த பிரபுவும் உண்டு என்பார்கள். இப்போது அதில் நடப்பதற்குக் காசு கேட்பார் இல்லை. வியன்னாவில் முழங்கால் நோவைக் காரணம் காட்டிக் கப்பலிலேயே இருந்துவிட்ட என் தாயார், இந்தக் கதையைக் கேட்டதும் எழுந்து, பெஸ்டுக் கரையிலிருந்து புடாக் கரைக்கு எங்கள் எல்லோருக்கும் முன்னால் நடந்துபோனார்.